பொம்மைக்கு ஊதுகிற மூச்சு

நார்வே நாட்டில் ஸ்டவாங்கர் என்று ஒரு துறைமுக நகரம். அங்கே லேர்டால் என்று ஒரு கம்பெனி. நெஞ்சை அழுத்தி, வாயில் ஊதி, நின்றுபோன மூச்சைத் திருப்பிக் கொண்டுவரப் பழகுகிற பொம்மைகளைச் செய்து உலகம் பூராவும் அனுப்புகிற கம்பெனி. பணக்கார நாட்டு மாணவர்கள் அங்கே போய்ப் பார்க்கிறார்கள். பொம்மையின் நெஞ்சை அழுத்திப் பார்க்கிறார்கள். 'உலக சுகாதாரம்' என்று ஒரு படிப்பு, அதற்கு ஒரு சான்றிதழ். அப்புறம் ஆப்பிரிக்காவுக்குப் போகிறார்கள், நம்ம பக்கம் வருகிறார்கள், ரெண்டு மாசம் இருந்துவிட்டு நம் பிள்ளைகளைத் தூக்கி வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். இப்போது நம்மூர்ப் பணக்காரப் பிள்ளைகளுக்கும் இந்தப் பயணத்தின்மேல் ஆசை வந்திருக்கிறது. அப்பன் ஆஸ்பத்திரி வைத்திருந்தால் மகன் அய்ரோப்பாவுக்குப் போய் ஏழைகளின் சுகாதாரம் படித்துவிட்டு வரலாம். சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி ரயில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் கிடைக்கிற பாடம் இது.

போகட்டும். பயணத்தின்மேல் எனக்குப் புகார் இல்லை. அந்தப் பொம்மையைப் பற்றித்தான் பேசவேண்டும்.

பொம்மையின் பெயர் ஆன். 1960-ல் வந்தது. செய்தவர் ஓஸ்முண்ட் லேர்டால், அதற்கு முன்னால் குழந்தைகளுக்கு விளையாட்டுச் சாமான் செய்து விற்றவர். வாயோடு வாய் வைத்து ஊதினால் செத்துக்கொண்டிருக்கிறவனைப் பிழைக்க வைக்கலாம் என்று பீட்டர் சாஃபர் என்கிற டாக்டர் நிரூபித்திருந்த நேரம். உயிருள்ள ஆள்மேல் நெஞ்சை அழுத்திப் பழகமுடியாது, அதனால் பொம்மை. பொம்மைக்கு முகம் வேண்டுமே. லேர்டால் எடுத்துக்கொண்டது ஒரு பிணத்தின் முகம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பாரிசில் சேன் நதியில் மிதந்த இளம்பெண் ஒருத்தியின் முகம் என்று சொல்கிறார்கள். பெயர் தெரியாது, ஊர் தெரியாது, தேடி வந்தவர் யாரும் இல்லை. பிணவறையில் யாரோ அவள் முகத்தை அச்செடுத்தார்கள். அந்த அச்சு அய்ரோப்பாவில் வீட்டுக்கு வீடு சுவரில் தொங்கியது. கவிஞர்கள் அந்தப் புன்னகையைப் பார்த்து உருகினார்கள். (நானும் கவிதை எழுதுகிறவன்தான். சுவரில் தொங்கும் பிணத்தைப் பார்த்து உருகுவது எங்கள் சாதிக்கே உள்ள வியாதி. கவிஞர் சாதியைச் சொல்கிறேன்.) கோடிக்கணக்கான பேர் அந்த வாயில் வாய் வைத்து ஊதியிருக்கிறார்கள். அவள் தண்ணீரில் தத்தளித்தபோது ஊத ஒருத்தரும் இல்லை.

பெயர் தெரியாத பிணம், கேட்பாரில்லாத பிணம். இந்த வார்த்தைகளைக் கேட்டதும் நமக்கு வேறு முகங்கள் ஞாபகத்துக்கு வந்தாகவேண்டும். மருத்துவம் எப்போதுமே யாரோ ஒருத்தரின் உடம்பின்மேல்தான் படிக்கப்பட்டிருக்கிறது. அந்த யாரோ ஒருத்தர் யார்? அய்ரோப்பிய, அமெரிக்க மாணவர்கள் எலும்பு படித்தது பெருமளவு இந்திய எலும்புக்கூடுகளை வைத்து. கல்கத்தாவிலிருந்து பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டிருந்தது. 1985-ல் இந்திய அரசு தடை போட்டது. பிணத்தை எடுத்து, சதையை நீக்கி, எலும்பை வெளுத்து, கம்பியில் கோர்த்துக் கொடுத்த கைகள் எந்தச் சாதிக் கைகள் என்று இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அதே கல்கத்தாவில் 1836-ல் மதுசூதன் குப்தா என்கிற வைத்திய சாதிக்காரர் மருத்துவக் கல்லூரியில் பிணத்தை அறுத்தார். வில்லியம் கோட்டையில் பீரங்கி முழங்கியதாகக் கதை சொல்வார்கள். உயர்சாதிக்காரன் ஒருநாள் பிணத்தைத் தொட்டால் பீரங்கி முழங்கும், வரலாறு எழுதும். தலைமுறை தலைமுறையாகத் தொட்டவனுக்கு வெட்டியான் என்று பெயர், டோம் என்று பெயர், தெருவுக்குள் வராதே என்று உத்தரவு.

பழைய கதை என்று நினைக்காதீர்கள். இன்றைக்கும் பல அரசு ஆஸ்பத்திரிப் பிணவறைகளில் உளியும் சுத்தியலும் பிடித்து மண்டையோட்டைப் பிளந்து, வயிற்றைக் கிழித்து, உறுப்புகளை எடுத்துக் காட்டுகிறவன் கடைநிலைத் தொழிலாளி. நம்ம ஆள். டாக்டர் நாலடி தள்ளி நின்று சொல்லச்சொல்ல எழுதிக்கொள்கிறார், கையெழுத்துப் போடுகிறார். இதயம் எங்கே இருக்கிறது, எவ்வளவு கனம், நுரையீரலில் தண்ணீர் நின்றால் எப்படி இருக்கும் என்று அந்தத் தொழிலாளிக்குக் கைக்குள் தெரியும். அந்தத் தெரிதலுக்குச் சான்றிதழ் கிடையாது. ஸ்டவாங்கருக்குப் போய் ரப்பர் நெஞ்சை முப்பது தடவை அழுத்திவிட்டு வருகிறவனுக்கு உண்டு.

சரி, நார்வேக்காரர்களைக் குறைசொல்லவா இந்தக் கட்டுரை? இல்லை. அவர்களிடம் நாம் கேட்டு வாங்கவேண்டிய ஒரு விசயம் இருக்கிறது. அங்கே போய்வருகிற மாணவர்கள் நம்மிடம் சொல்லாமல் விடுகிற விசயம். அந்தப் பொம்மை டாக்டர்களுக்காக மட்டும் செய்யப்பட்டது இல்லை. சாதாரண சனங்களுக்காகச் செய்யப்பட்டது. 1961-லேயே நார்வேயில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு அதை வைத்து மூச்சூதச் சொல்லிக்கொடுத்தார்கள். மீன்பிடிக்கிறவன் மகனும் மில்லில் வேலை செய்கிறவன் மகளும் தரையில் மண்டி போட்டு ஆன் பொம்மையின் மூக்கைப் பொத்திக்கொண்டு ஊதினார்கள். மூச்சு கொடுக்கிற வித்தை அங்கே பொதுச்சொத்து ஆனது. இங்கே அதே பொம்மை மருத்துவக் கல்லூரிகளின் ஏசி அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. படித்தவன் தொடுகிற பொம்மை. நம்ம நாட்டுக்கு எது வந்தாலும் முதலில் அதற்கு ஒரு கருவறை கட்டிவிடுவார்கள்.

இந்த இடத்தில் கும்மிடிப்பூண்டிக்கு வாருங்கள். சிப்காட். இரும்புக் கழிவைக் கொண்டுவந்து கொட்டி உருக்குகிற உலைகள், கம்பி இழுக்கிற ரோலிங் மில்கள், ரசாயனக் கம்பெனிகள். உலை முன்னால் நிற்கிறவர்களில் பாதிக்கு மேல் இன்று ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பையன்கள். வெளியே குப்பை அள்ளுகிறவர்களும் தொட்டி சுத்தம் செய்கிறவர்களும் நம்ம சேரிக்காரர்கள். சுற்றிலும் செங்கல் சூளைகளில் முன்பணத்துக்குக் கட்டுண்டு கிடக்கிற இருளர் குடும்பங்கள். காய்ச்சிய இரும்பு உடம்பில் பட்டால் கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரித் தீக்காயப் பிரிவுக்குப் போகவேண்டும், சுமார் ஐம்பது கிலோமீட்டர். நெஞ்சு நின்றுபோனால் நாலைந்து நிமிசத்தில் மூளை சாகத் தொடங்கிவிடும். 108 வண்டி எவ்வளவு வேகமாக வந்தாலும் அந்த நாலு நிமிசம் பக்கத்தில் நிற்கிற தொழிலாளியின் கையில்தான்.

சட்டத்துக்கு இது தெரியாமல் இல்லை. 1948-ஆம் வருசத்துத் தொழிற்சாலைகள் சட்டம், 45-ஆம் பிரிவு: 150 தொழிலாளிக்கு ஒரு முதலுதவிப் பெட்டி. அதற்குப் பொறுப்பாக, முதலுதவியில் அரசு ஒப்புக்கொண்ட சான்றிதழ் வாங்கிய ஒரு ஆள். வேலை நேரம் பூராவும் அவன் அங்கே இருக்கவேண்டும். 500 பேருக்கு மேல் என்றால் ஆம்புலன்ஸ் அறை. எழுபது வருசத்துக்கு மேல் இந்தச் சட்டம் புத்தகத்தில் இருந்தது. 2025 நவம்பரில் புதிய சட்டத் தொகுப்பு வந்து அதன் இடத்தில் உட்கார்ந்தது. பழைய சட்டத்தையே நாம் கண்ணால் பார்க்கவில்லை. சிப்காட்டில் வேலை செய்கிற தம்பி ஒருத்தனிடம் கேட்டேன், உங்க கம்பெனியில முதலுதவிப் பெட்டி எங்கப்பா இருக்குது என்று. "மேனேஜர் ரூம்ல கீதுண்ணா, பூட்டி வச்சிகினு கீறாங்க. தொறந்தா பஞ்சு திருடிடுவோமாம்" என்றான். சான்றிதழ் வாங்கிய ஆள் யாருடா? சிரித்தான். பதிவேட்டிலேயே பெயர் இல்லாத காண்ட்ராக்ட் ஆட்களை எந்த 150-ல் சேர்ப்பது என்று அவன் சிரிப்புக்கு அர்த்தம்.

கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னைக்குத் திரும்புகிற ரயில் பாதையில் மீஞ்சூர். 2023 மே மாசம் அங்கே ஒரு தனியார் பள்ளிக்கூடத்தின் கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கிய இரண்டு தொழிலாளர்கள் விசவாயு தாக்கிச் செத்தார்கள். பிள்ளைகளுக்கு மூச்சுவிடுவது எப்படி என்று அறிவியல் பாடத்தில் படம் போட்டுச் சொல்லிக்கொடுக்கிற பள்ளிக்கூடத்தின் அடிவயிற்றில் இரண்டு பேர் மூச்சு முட்டிச் செத்தார்கள். 1993-லிருந்து சாக்கடையிலும் மலத்தொட்டியிலும் நாடு முழுக்க நடந்த சாவுகளில் தமிழ்நாடுதான் முதலிடம், 213 பேர் என்று 2021-ல் பாராளுமன்றத்தில் அரசே சொன்னது. அது கணக்கில் வந்த பிணம். சமூகநீதி மண் என்று மேடைக்கு மேடை முழங்குகிற மண் இது. 2013-லேயே இந்த வேலைக்கு ஆள் வைப்பதைத் தடை செய்து சட்டம் வந்துவிட்டது. செத்தால் 10 லட்சம் என்று 2014-ல் உச்சநீதிமன்றம் சொன்னது. 2023-ல் அதை 30 லட்சம் ஆக்கியது. சாவுக்கு விலை ஏறியிருக்கிறது. மூச்சுக்கருவி வந்தபாடில்லை.

தொட்டிச் சாவில் இன்னொரு கொடுமை. முதலில் இறங்கியவன் மயங்கி விழுந்ததும் அவனைத் தூக்க இறங்குகிறவன் அவன் அண்ணன், அவன் தம்பி, அவன் கூட்டாளி. அவனும் செத்துப்போகிறான். மாற்று மூச்சுக்கருவி இல்லாமல் உள்ளே போகாதே, கயிறு கட்டாமல் யாரையும் இறக்காதே, வெளியே இழுத்துப் போட்டபின் இப்படிச் செய் என்று அரைநாள் பழக்கியிருந்தால் இரண்டாவது ஆள் பிழைத்திருப்பான். அரைநாள். இந்த அரைநாள் பாடத்தை எடுக்கத்தான் உலக சுகாதாரம் படித்தவனுக்கு நேரம் இல்லை. பாடத்தை எடுத்தால் அடுத்த கேள்வி வந்துவிடும் என்கிற பயமும் இருக்கலாம்: நான் எதுக்குய்யா இறங்கணும்?

இனி தொடுகிற விசயத்துக்கு வருவோம். வாயோடு வாய் வைத்து ஊது என்கிறான் வெள்ளைக்காரன். எங்கே வந்து சொல்கிறான்? கும்மிடிப்பூண்டி வட்டத்தில் ஆத்துப்பாக்கம் ஊராட்சித் தலைவர் அமிர்தம், தலித் பெண், 2020 சுதந்திர தினத்தன்று அவரைக் கொடியேற்ற விடவில்லை. பத்திரிகையில் வந்து நாறியபிறகு கலெக்டரும் போலீசும் நின்று அய்ந்து நாள் கழித்து ஏற்றவைத்தார்கள். அதே வட்டத்தில் தோக்கமூரில் தலித்துகள் நடந்துபோகாதபடி கட்டிய தீண்டாமைச் சுவரை 2022-ல்தான் இடித்தார்கள். ஒரு துணிக்கயிற்றை நம்ம கை தொடக்கூடாது என்கிற ஊரில் நம்ம வாயை எவன் வாய் தொடும்? டம்ளரையே தனியாக வைத்தவன் ஊதுவானா? பொம்மைக்கு வசதி என்னவென்றால் அதற்குச் சாதி இல்லை. ஒவ்வொரு ஆள் ஊதியபின்னும் ஸ்பிரிட் போட்டுத் துடைத்துக்கொள்ளலாம். அந்தக் கம்பெனி கைக்குழந்தைப் பொம்மையைக் கறுப்பு, வெளுப்பு இரண்டு நிறத்திலும் செய்கிறது. இந்தியாவுக்கு அனுப்பும்போது இரண்டு சாதியிலும் செய்து அனுப்பினால்தான் பயிற்சி பூர்த்தியாகும்.

கைக்குழந்தைப் பொம்மை என்றேனே, அதையும் சொல்லவேண்டும். 2010-ல் லேர்டால் கம்பெனி ஏழை நாடுகளுக்காக லாபநோக்கம் இல்லாத ஒரு தனி நிறுவனம் தொடங்கியது. தண்ணீர் ஊற்றினால் பிறந்த பிள்ளையின் கனம் வருகிற பொம்மை, பந்தை அமுக்கினால் தொப்புள்கொடி துடிக்கும். வயிற்றில் கட்டிக்கொண்டு பிரசவிக்கிறமாதிரி நடித்துக் காட்ட இன்னொரு பொம்மை, அதில் ரத்தப்போக்கும் வரவைக்கலாம். பக்கத்து மாநிலத்தில் பெல்காமில் பிரசவம் பார்க்கிறவர்களுக்கு இந்த மாதிரிப் பயிற்சி கொடுத்துப் பார்த்ததில் செத்துப் பிறக்கிற பிள்ளைகள் நூற்றுக்கு 3 என்றிருந்தது 2.3 ஆனது என்று 2013-ல் ஆய்வு வந்தது. நூற்றுக்கு அரைக்கும் மேலே பிழைத்தது என்றால் அது பெரிய விசயம். கிண்டல் பண்ணுகிற விசயம் இல்லை.

ஆனால் நம்ம ஊரில் இந்தப் பொம்மைக்கு முன்னால் ஒரு கை இருந்தது. அம்பட்டர் வீட்டு மருத்துவச்சியின் கை, பறைச்சேரி ஆயாவின் கை. சாதி இந்துப் பெண்களின் உடம்புக்குள் போய்ப் பிள்ளையைத் திருப்பி எடுத்த கை. கொடி அறுத்து, மாசு கழுவி, நச்சுக்கொடியைப் புதைத்துவிட்டு வந்தால் புழக்கடையில் நிற்கவைத்து ஒரு படி நெல்லும் பழஞ்சேலையும். தீட்டு கழிகிறவரைக்கும் அவள் வேண்டும், தீட்டு கழிந்தபின் அவளே தீட்டு. இதைப் பாரம்பரிய அறிவு என்று தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிற கூட்டத்தோடு எனக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அந்தத் தொழில் ஒழிந்தது நல்லது. 2019-21 தேசியக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99-க்கு மேல் பிரசவம் ஆஸ்பத்திரியில்தான். நம்ம பெண்கள் சாகாமல் பிழைக்கிறார்கள். என் கேள்வி வேறு. அந்த ஆயாக்களின் பேத்திகள் அந்த ஆஸ்பத்திரிகளில் என்னவாக இருக்கிறார்கள்? டாக்டராக எத்தனை பேர், ரத்தத் துணியை அலசுகிற காண்ட்ராக்ட் ஆளாக எத்தனை பேர்? அயோத்திதாசப் பண்டிதர் வைத்தியர். நாம் வைத்தியம் தெரியாத சனங்கள் இல்லை, வைத்தியம் படிக்க விடாத சனங்கள்.

வேலூர் சி.எம்.சி. தோன்றிய கதையைப் பாதிரிமார் உருக்கமாகச் சொல்வார்கள். 1890களில் திண்டிவனத்தில் ஒரே ராத்திரி மூன்று பேர் ஐடா ஸ்கடர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். ஒரு பிராமணர், ஒரு முஸ்லிம், இன்னொரு சாதி இந்து. மூன்று பேர் மனைவிக்கும் பிரசவம் கஷ்டம், ஆண் டாக்டர் தொடக்கூடாது. மூன்று பெண்களும் செத்துப்போனார்கள். அந்த அம்மா அப்புறம் டாக்டராகி ஆயிரக்கணக்கான பேரைக் காப்பாற்றினார், அதில் நம்ம சனங்களும் உண்டு, நன்றி. அந்த ராத்திரி திண்டிவனத்துச் சேரியில் வலி எடுத்த பெண் இல்லாமலா இருந்திருப்பாள்? அவள் வீட்டுக்காரன் கதவைத் தட்ட வந்ததாகக் கதையில் இல்லை. வருசா வருசம் அந்த ஆஸ்பத்திரிக்கு வருகிற வெளிநாட்டு மருத்துவ மாணவர்களிடம் இதை யாராவது கேட்டுப் பாருங்கள்.

மாணவர்கள், மாணவர்கள் என்கிறோமே, யார் மாணவர்? அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதா பன்னிரண்டாம் வகுப்பில் 1200-க்கு 1176. மூட்டை தூக்குகிற தொழிலாளி மகள். நீட் என்று குறுக்கே ஒரு சுவர் வைத்தார்கள், 2017 செப்டம்பர் 1 அன்று செத்துப்போனாள். அவள் நெஞ்சை அழுத்திப் பிழைக்கவைக்க எந்தப் பொம்மையாலும் முடியாது. 2019 மே மாசம் மும்பையில் பாயல் தட்வி, ஆதிவாசிப் பெண், பிள்ளைப்பேறு மருத்துவம் மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்தவர், தற்கொலை செய்துகொண்டார். சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினார்கள் என்று மூன்று சீனியர் பெண் டாக்டர்கள்மேல் வழக்கு. உள்ளே நுழைந்தாலும் மூச்சு முட்டும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

வெளிநாட்டுக்குப் போகவேண்டும் என்றால் பணம். நான் வங்கிக் கிளார்க், கல்விக்கடன் பாரங்கள் என் மேசைமேல் தான் விழுகின்றன. ஏழரை லட்சத்துக்கு மேல் என்றால் சொத்து ஜாமீன் கேட்கவேண்டும், விதி. எதிரே நிற்கிற பையனுக்குக் காலனி வீட்டுப் பட்டாவே கையில் இல்லை. இதே பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக் கலெக்டர் ட்ரெமென்ஹீர் 1891-ல் அறிக்கை எழுதி, அதற்கப்புறம் நமக்கென்று ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் இன்று யார் யார் பெயரில் கம்பெனியாகவும் கல்யாண மண்டபமாகவும் நிற்கிறதோ, அவர்கள் பிள்ளைகள் அந்த நிலத்தையே ஜாமீன் வைத்துக் கடன் வாங்கிப் பறக்கிறார்கள். மத்திய அரசு நம்ம பிள்ளைகளுக்கு வெளிநாட்டுப் படிப்பு உதவித்தொகை வைத்திருக்கிறதே என்பீர்கள். வைத்திருக்கிறது. 2022-ல் அதற்கு ஒரு விதி சேர்த்தார்கள். இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றி ஆராய்வதற்கு அந்தப் பணத்தில் போகக்கூடாதாம். போ, ஆனால் உன்னைப் பற்றிப் பேசாதே.

இதைப் படித்துவிட்டு 'அப்படியானால் நல்லெண்ணத்தோடு வருகிற மாணவர்களை விரட்டச் சொல்கிறாயா' என்று முற்போக்குத் தோழர்கள் கேட்பார்கள். கேட்டும் இருக்கிறார்கள். விரட்டச் சொல்லவில்லை. நம்ம சேரியை 'களம்' என்று எழுதாதே என்கிறேன். களத்தில் நெல் அடிப்பவனுக்கும் நெல்லை அளந்து எடுத்துப் போகிறவனுக்கும் வித்தியாசம் தெரிந்தவர்கள் நாங்கள். எங்கள் வயிற்றுப்போக்கையும் எங்கள் ரத்தசோகையையும் எழுதிக்கொண்டு போகிறாய், பட்டம் வாங்குகிறாய், எங்கள் கையில் எதைக் கொடுத்துவிட்டுப் போனாய்? நார்வேயில் மீனவன் மகன் கையில் 1961-ல் கொடுத்ததை இங்கே கொடு. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் கோரமண்டல் ஆலையிலிருந்து அமோனியா கசிந்தபோது பெரியகுப்பத்துச் சனங்கள் கண்ணெரிந்து மூச்சுத் திணறிப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். ஈரத்துணியை மூக்கில் கட்டு, காற்றுக்குக் குறுக்கே ஓடு என்று அவர்களுக்கு அதற்கு முன்னால் ஒரு நாளாவது சொல்லிப் பழக்கியிருக்கவேண்டியவர் யார்?

திருவள்ளூரில் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. ஏழரை சதவீத ஒதுக்கீட்டில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளும் மருத்துவக் கல்லூரிகளுக்குள் வந்திருக்கிறார்கள், நம்ம பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். தம்பி, தங்கச்சி, ஸ்டவாங்கர் உங்களுக்கு வாய்த்தால் போய்வாருங்கள், வாய்க்காவிட்டால் ஒன்றும் குடி முழுகிவிடாது. கல்லூரியில் கேளுங்கள், அந்தப் பொம்மையை ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளியே எடுத்துப்போக அனுமதி தருவார்களா என்று. தரமாட்டேன் என்றால் ஏன் என்று எழுத்தில் வாங்குங்கள், அடுத்த இதழில் போடுவோம். சிப்காட்டில் ஒவ்வொரு கம்பெனி வாசலிலும் முதலுதவிச் சான்றிதழ் வாங்கிய ஆள் பெயரைப் பலகையில் எழுதிவைக்கச் சொல்லி ஆய்வாளரிடம் மனு கொடுக்கிற வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். பிணவறையில் வேலை செய்கிற ஒரு அண்ணனைக் கூப்பிட்டு, இதயம் எங்கே இருக்கிறது, எந்த இடத்தில் கை வைத்து அழுத்தவேண்டும் என்று முதல் பாடத்தை அவரைச் சொல்லச்சொல்லுங்கள். மீதியை நீங்கள் சொல்லுங்கள்.

வகுப்பு காலை ஷிப்ட் முடிந்து வருகிறவர்களுக்கு, அதனால் மூன்று மணிக்கு மேல் வையுங்கள். வரும்போது ஒடியா தெரிந்த ஒருத்தரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.